உமக்கு மட்டும்

எங்கள் அம்மா தலையில் பூ இருந்தால் அன்றைக்கு வீட்டில் கம்பங்கூழ். தலை வெறுமையாக இருந்தால் சோறு. தூத்துக்குடிக்கு மேற்கே, விடியும்போது வண்டி கட்டினால் வெயில் ஏறுவதற்குள் டவுனுக்குப் போய்விடக்கூடிய தூரத்தில், எங்களுக்கு ஒரு கிணறும் மல்லித் தோட்டமும் இருந்தன. பூ விலை போகும் நாளில் ஒரு மொட்டுகூட வீட்டில் தங்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். விலை போகாத நாளில் கூடை போன மாதிரியே திரும்பி வரும். அம்மா அதைக் கட்டித் தானும் வைத்துக்கொண்டு அக்காவுக்கும் எனக்கும் வைத்துவிடுவாள். ஊரெல்லாம் கல்யாணம் நடக்கும் தை மாதத்தில் பூ இல்லாமல் நிற்கிற பெண்கள் பூந்தோட்டக்காரன் வீட்டுப் பெண்கள்தான். யாராவது கேட்டால் தலைவலி என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பது வயதோ. அம்மா பூ வைத்திருக்கும் நாட்கள்தான் எங்கள் வீட்டில் நல்ல நாட்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூழ் எனக்குப் பிடிக்கும் என்பதும் ஒரு காரணம். வருஷம் முழுக்க ஆடி மாதமாகவே இருக்கட்டும் என்று ஊர்ப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டவள் நான். பிள்ளையார் அதைக் காதில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது.

மல்லிச் செடிக்குப் பஞ்சாங்கம் தெரியாது. எங்கள் தொல்லையெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். தையில் கல்யாணம் இருக்கும், பூ இருக்காது. கிளை வெட்டிவிட்ட செடி பனியில் குச்சி குச்சியாக நிற்கும். ஏதோ இரண்டு கை மொட்டு கிடைத்தால் அதை அப்பா ஈரத்துணியில் சுற்றி, பிறந்த பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போவார். பங்குனியில் பூக்கத் தொடங்கி வைகாசியிலும் ஆனியிலும் கொட்டும். நமக்குக் கொட்டும்போது அடுத்தவனுக்கும் கொட்டும். ஆடி பிறந்ததும் கல்யாணம் நின்றுவிடும், செடி நிற்காது.

ஆனால் தூத்துக்குடிப் பக்கத்துப் பூக்காரனுக்கு மட்டும் ஆடியிலும் ஒரு சின்ன வாசல் திறந்திருந்தது. மாதா கோயில் திருவிழா அந்த மாதத்தில்தான் வரும். கொடி ஏறும் நாளிலிருந்து முடியும் வரை கடற்கரைக்காரர்கள் பூவாக வாங்கித் தள்ளுவார்கள். கோயிலுக்கு, சப்பரத்துக்கு, வீட்டுப் படத்துக்கு, கொண்டைக்கு. எங்கள் சாமிகளெல்லாம் கல்யாணத்தை நிறுத்தி வைத்திருக்கும் மாதத்தில் அவர்கள் மாதாதான் எங்களுக்குச் சோறு போட்டாள். அப்பா மாதா கோயில் பக்கம் வண்டி போகும்போதெல்லாம் தலையில் கட்டிய துண்டை எடுத்துவிடுவார்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. அந்த வருஷம் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். கொழும்பில் அவன் மாமா வைத்திருந்த பலசரக்குக் கடைக்குப் போவதாக இருந்தான். ஆவணியில் கல்யாணம், உடனே பெண்ணையும் கூட்டிக்கொண்டு கப்பல். புரட்டாசி பிறந்தால் காத்திருக்க மாட்டோம் என்று பையனின் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அவர்கள் கேட்டது ஒரு சங்கிலியும் ஒரு ஜோடிக் கம்மலும். அக்கா அந்தப் பையனைக் கோயில் கொடைத் திருவிழாவில் ஒருதரம் பார்த்திருந்தாள். பார்த்த பிறகு அவள் பையனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கப்பலைப் பற்றித்தான் கேட்டாள். டவுனுக்குப் போய்விட்டு வரும் அப்பாவிடம், இன்றைக்குக் கடலில் என்ன கப்பல் நின்றது, எத்தனை புகைபோக்கி, கரைக்கு வராமல் ஏன் தூரத்திலேயே நிற்கிறது, படகில் போய்த்தான் ஏற வேண்டுமாமே, பெண்கள் எப்படி ஏறுவார்கள்? அப்பா பூவைத் தவிர எதையும் பார்க்காத மனிதர். அவளுக்காகக் கப்பலையும் பார்த்துவிட்டு வரத் தொடங்கினார்.

வைகாசி கடைசியில் அப்பா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். டவுனில் எங்கள் பூவை வாங்குகிறவர் ஒருவர் உண்டு. கமிஷன் கடை வைத்திருந்தார். சுற்று வட்டாரத்துப் பூவெல்லாம் அவர் கடைப் பின்வாசலில் இறங்கி முன்வாசலில் விற்பனையாகும். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. அன்றைக்கு அவர் என் கையில் ஒரு கடலை மிட்டாயைக் கொடுத்துவிட்டு, அப்பாவின் தோளில் கையைப் போட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். நான் மிட்டாயோடு பின்னாலேயே போனேன்.

"ஓய், உமக்கு மட்டும் சொல்லுதேன். வேற ஆள் காதுல விழப்பிடாது."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இப்பம் பூ குப்பையா வருது. இதப் பறிச்சு என்னத்தக் கண்டீரு? தண்ணிய நிறுத்தும். செடி காயட்டும். ஆனி கடைசில தண்ணிய விடும். ஒரே மூச்சா மொட்டு வைக்கும். கொடியேத்தத்துக்குச் சரியா இருக்கும். சண்டை முடிஞ்சு கொழும்புக்காரனெல்லாம் திருழாவுக்கு வாரான். மத்தவன் செடி ஓஞ்சு போயிருக்கும், உம்ம பூ மட்டும்தான் நிக்கும். பொண்ணு கல்யாணம் வச்சிருக்கீருன்னு மனசு கேக்காமச் சொல்லுதேன்."

அப்பா கைகூப்பிவிட்டார். திரும்பி வரும்போது வழியெல்லாம் மாட்டோடு பேசிக்கொண்டு வந்தார்.

எங்கள் அப்பாவுக்கு அதுவரை எதுவுமே அவருக்கு மட்டும் என்று கிடைத்ததில்லை. தாத்தா விட்டுப்போன நிலத்தில் தம்பியோடு பாகம். வண்டிப்பாதை நாலு பேருக்குப் பொது. ரேஷன் அரிசி ஊரோடு வரிசையில் நின்றால் உண்டு. அப்படிப்பட்டவரின் தோளில் ஒரு பெரிய மனிதர் கை போட்டு 'உமக்கு மட்டும்' என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கோபம் மட்டும் இன்றைக்கும் வருகிறது.

மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலை மறுநாளே நின்றது. நன்றாகத் தண்ணீர் கிடக்கிற கிணற்றை வைத்துக்கொண்டு இறைக்காமல் இருந்தால் ஊரில் கேட்பார்களே? அதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். மாட்டுக்குக் கழுத்துப் புண் என்று சொல்லிவிடுவது. எங்கள் மாட்டுக்குப் புண்ணும் இல்லை, புடலங்காயும் இல்லை. அம்மா மஞ்சளையும் அடுப்புக்கரியையும் வேப்பெண்ணெயில் குழைத்து அதன் கழுத்தில் அப்பி, ஒரு கந்தலையும் சுற்றிவிட்டாள். மாடு அதை நக்கப் பார்த்து நாக்கு எட்டாமல் தவிக்கும். யார் கேட்டாலும் புண் என்று சொல்ல வேண்டும் என்று மாட்டின் நெற்றியில் கை வைத்து நான் சத்தியம் செய்தேன். கேட்டவர்களிடம் தேவைக்கு மேலேயே சொன்னேன், சீழ் வடிகிறது என்று.

பக்கத்துத் தோட்டம் சித்தப்பாவுடையது, அப்பாவின் தம்பி. அவரிடம்கூட அப்பா மூச்சு விடவில்லை. சித்தப்பா வரப்பில் நின்று மாட்டைப் பார்த்து, "அய்யோ பாவம்" என்றார். அந்த வாரமே அவருடைய கமலையும் நின்றுபோனது. கூனை கிழிந்துவிட்டதாம், தைக்கிறவனைத் தேடிக்கொண்டிருக்கிறாராம். கூனை என்பது கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு வரும் பெரிய சால், கீழே தோல் வால் தைத்திருக்கும். அதற்கு அடுத்த தோட்டத்துக்காரருக்குக் கிணற்றில் ஊற்று அடைத்துக்கொண்டது. அதற்கும் அடுத்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த ஆனி மாதம் எங்கள் ஊரில் மாட்டுக்கும் மனுஷனுக்கும் கிணற்றுக்கும் சேர்ந்தாற்போல் வந்த சீக்கை எந்த வைத்தியராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

மேல்காற்று செம்மண்ணை வாரி இறைத்தது. செடிகள் இலை சுருண்டு நின்றன. பறிப்பு இல்லை, டவுனுக்கு வண்டி இல்லை, வீட்டில் காசும் இல்லை. அம்மா தலையில் பூ இல்லாமலேயே கூழ் காய்ச்சினாள். அந்த இரண்டும் ஒன்றாக வந்து நான் பார்த்ததில்லை. என் கணக்கு குழம்பிப்போனது.

சித்தப்பா வீட்டுத் தொழுவத்துக்குக் கன்றுக்குட்டி பார்க்கப் போனவள், உத்தரத்தில் கூனை தொங்குவதைப் பார்த்தேன். தோலில் ஒரு கிழிசல்கூட இல்லை. வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கம்பு புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் கேட்டாள்.

"எல்லாவன் தோட்டமும் காயுதே, நீங்க பாக்கலையா?"

"அவனுவளுக்குத் தண்ணி இல்லாம காயுது. நமக்குத் தண்ணி இருந்து காயுது. இதுகூடத் தெரியலையா உனக்கு?"

"கொழுந்தன் வீட்டுக் கூனை கிழியவே இல்லையாம்."

"அவன் சோம்பேறிப் பய. கூனை மேல பழியப் போட்டுட்டுத் தூங்குதான்."

அம்மாவுக்கும் நம்பத்தான் ஆசை. சங்கிலி, கம்மல், ஆவணி, கப்பல் என்று வரிசையாக நிற்கும்போது நடுவில் புகுந்து சந்தேகப்பட எந்தத் தாய்க்கு மனசு வரும்?

ஆனி கடைசியில் மாட்டுக்குப் புண் ஆறியது. அதே வாரத்தில் சித்தப்பாவின் கூனை தைக்கப்பட்டது, ஊற்று திறந்துகொண்டது, பிடித்த இடுப்பும் விட்டுக்கொடுத்தது. நாலு பக்கமும் கமலை ஓசை கேட்டது. காய்ந்து கிடந்த செடிக்குத் தண்ணீர் போனதும் அது பைத்தியம் பிடித்தது போலத் துளிர்த்தது. ஆடி பிறந்து சில நாளில் இலையே தெரியாமல் மொட்டு. அண்ணாச்சி சொன்னது அட்சரம் பிசகவில்லை. இன்றைக்கும் நான் அவரைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன்.

கொடியேற்றத்தன்று கருக்கலிலேயே நாங்கள் மூன்று பேரும் மடி கட்டிக்கொண்டு பறித்தோம். அக்கா இரண்டு கையாலும் பறித்தாள். விரலெல்லாம் பச்சைக் கறை. "ஏளா, ஒரு கூடை ஒரு கம்மலு, இன்னொரு கூடை இன்னொரு கம்மலு" என்று என் காதில் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. கூடைகளை ஈரச்சாக்கால் மூடி வண்டியில் ஏற்றினார் அப்பா. திருவிழா பார்க்க நானும் ஏறிக்கொண்டேன்.

பெரிய ரோடு ஏறும் இடத்தில் எங்கள் வண்டி நின்றது. முன்னால் வழி இல்லை. ரோடு நெடுக வண்டிகள். ஒவ்வொன்றிலும் ஈரச்சாக்கு மூடிய கூடைகள். சாக்கையும் மீறி ஊரே மணந்தது. எனக்குத் தாங்காத சந்தோஷம். இத்தனை வண்டியும் திருவிழாவுக்குத்தான் போகிறது என்று கை தட்டினேன். அப்பா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். எங்களுக்கு நேர் முன்னால் நின்றது சித்தப்பாவின் வண்டி.

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். அவர் கண் எங்கள் கூடைகளிலும் அப்பாவின் கண் அவர் கூடைகளிலும் விழுந்தது. சித்தப்பாதான் முதலில் கேட்டார்.

"மாட்டுக்குப் புண்ணு ஆறிட்டாண்ணே?"

"ஆறிட்டு. உன் கூனை தைச்சாச்சா?"

"தைச்சாச்சு."

அவ்வளவுதான் பேசினார்கள். அண்ணனும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு அக்கறையாக விசாரித்துக்கொள்கிறார்கள் என்று நான் நினைத்தேன்.

கடைப் பின்வாசலில் கூடை வைக்க இடம் இல்லை. அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்தார். "எல்லாரும் சேந்து ஒரே நாள்ல கொண்டாந்து தட்டுனா நான் என்னய்யா செய்ய? விலைய நானா வைக்கேன்? பூவுல்லா வைக்கி!" அவர் சொன்ன விலையைக் கேட்டு ஒருவர்கூடப் பேசவில்லை. பேச வேண்டுமென்றால், 'எனக்கு மட்டும் என்று சொன்னீரே' என்றுதான் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் பக்கத்தில் நிற்கிற தம்பிக்கும் பங்காளிக்கும் முன்னால், இத்தனை நாள் சொன்ன புண்ணும் கிழிசலும் பொய் என்று ஆகும். அத்தனை பேரும் ரகசியத்தை ஒழுங்காகக் காப்பாற்றியவர்கள். அந்த ஒழுங்குதான் அவர்கள் வாயை அடைத்தது. அண்ணாச்சி அதைக் காசு கொடுக்காமலேயே வாங்கி வைத்திருந்தார்.

தாகம் எடுத்து நான் கடைக்குள் புகுந்து முன்வாசலுக்குப் போனேன். அங்கே கடற்கரையை ஒட்டிய திரேஸ்புரத்துப் பெண்கள் முண்டியடித்து நின்றார்கள். கடை ஆட்கள் திருவிழா விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன வருஷத்தைவிடக் கூட என்று ஒரு அம்மாள் சண்டை பிடித்துவிட்டு, மாதாவுக்கு இல்லாததா என்று முந்தியை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தாள். பின்வாசலில் நாதியற்றுக் கிடந்த பூ பத்து எட்டு நடந்து முன்வாசலுக்கு வந்ததும் இவ்வளவு விலை பெறுகிறதே, நம் பூவையும் அப்பா நடத்தி இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. போய் அப்பாவின் வேட்டியை இழுத்துச் சொன்னேன். அவர் என் முதுகில் ஒரு அறை வைத்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒருதரம்தான்.

திருவிழா முடிகிற வரை அதே கதைதான். பாதிக் கூடைக்கு மேல் திரும்பி வந்தது. செடிக்கோ நிறுத்தத் தெரியவில்லை. வீட்டில் பூவைக் கொட்ட இடம் இல்லாமல் மாட்டுக்குப் போட்டோம், மாடு முகர்ந்துவிட்டுத் தள்ளியது. அம்மா மிச்சத்தைக் கட்டி, என் தலை கனக்கும் அளவுக்கு வைத்துவிட்டுத் தானும் கொஞ்சம் வைத்துக்கொண்டாள். பிள்ளையார் வரம் கொடுத்துவிட்டார் என்று நான் தெருவெல்லாம் குதித்தேன். அக்கா மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

"ஏன்க்கா, தலைவலியா?" என்று கேட்டேன்.

"ஆமாளா, தலைவலிதான்" என்றாள்.

ஆவணியில் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, அவன் கொழும்புக்குக் கப்பல் ஏறினான். அதன் பிறகு அப்பா டவுனிலிருந்து வந்தால் அக்கா ஒன்றும் கேட்பதில்லை. அப்பாதான் பழக்கதோஷத்தில், "இன்னைக்கு ரெண்டு கப்பல் நின்னுச்சு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

தையில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு ஏற்கனவே ஒரு மனைவி இருந்து செத்துப்போயிருந்தாள். இரண்டு பிள்ளைகள், பெரியவன் என்னைவிட உயரம். நகை ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்ட பெரிய மனசுக்காரர். எங்கள் தோட்டத்தில் செடிகள் குச்சியாக நின்றன. பூந்தோட்டக்காரன் மகளுக்குத் தாலி கட்ட மாலை இல்லை. அந்த மாதத்தில் மல்லி விலை கேட்கவே முடியாது. அப்பா டவுனுக்குப் போனார், நானும் கூடப் போனேன்.

அண்ணாச்சி முன்வாசலில்தான் இருந்தார். நாங்கள் பழக்கப்படி பின்வாசலில் போய் நின்றோம். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய், இரண்டு முழு மல்லி மாலையை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்தார். அப்பா மடியை அவிழ்த்தபோது அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். மறுபடியும் தோளில் கை போட்டார்.

"காசு வேண்டாம், வையும். உமக்கு மட்டும்தான் இப்படித் தாரேன். வெளிய சொல்லிராதேயும்."

அப்பா வாங்கிக்கொண்டார். கைகூப்ப முடியாமல் இரண்டு கையிலும் மாலை இருந்தது. அண்ணாச்சி எனக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தார். இவரைப் போல நல்லவர் தூத்துக்குடியிலேயே கிடையாது என்று நான் நினைத்தேன். அண்ணாச்சியின் கையில் மாலைக்கு எதையாவது கொடுத்துவிட்டு வந்திருக்கலாமே என்று அப்பாவை எண்ணி இப்போது கோபம் வருகிறது. கொடுக்க அந்த மடியில் போதுமானது இருந்திருக்காது என்பதும் தெரிகிறது.

கல்யாண வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தையில் இவ்வளவு மல்லியைப் பார்த்து ஊர்ப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். சித்தப்பா மாலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்கனண்ணே வாங்குன?" என்று கேட்டார். அப்பா பந்தலுக்கு வெளியே போனார். நான்தான் முந்திக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன், அண்ணாச்சி அப்பாவுக்கு மட்டும் சும்மா கொடுத்தார் என்று.

சித்தப்பா மாலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பூ வைத்த தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அம்மா என் வாயைப் பொத்தினாள். இவ்வளவு சந்தோஷமான செய்தியைச் சொன்ன என்னை எதற்காக எல்லாரும் இப்படிப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா தலையிலும் அன்றைக்குப் பூ இருந்தது, அடுப்பில் சோறும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்த நாள் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். அதனால் அதுதான் எங்கள் வாழ்விலேயே நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டு, அம்மாவின் கையை விலக்கிவிட்டு நான் சாப்பிடப் போனேன்.